ஆளில்லா வீடு – 4: யாரும் கேட்டு வராத பங்குகள்

காஞ்சிபுரத்தில் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கு என்ன வழி என்று தேடப்போய் ஆயிரம் ஆண்டு பின்னால் நடந்துவிட்டோம்.

சபைக்கு வர விரும்புகிறவர் சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும் என்று உத்திரமேரூர்க் கல்லில் பொறித்த பராந்தகன் காலத்து விதியை முதல் வாரம் பார்த்தோம். காஞ்சிக்குத் தெற்கே உக்கல் என்ற ஊரில் உள்ள ராஜராஜனின் ஆணை அடுத்து வந்தது. இரண்டு முழு ஆண்டு இறை செலுத்தாதவரின் நிலத்தை ஊராரே எடுத்து விற்கலாம் என்று அந்த ஆணை சபைக்கு அதிகாரம் கொடுத்தது. சென்ற வாரம் மொகலாயப் படைக்கு அஞ்சி 1688 வாக்கில் வரதராஜப் பெருமாளே ஊரை விட்டு உடையார்பாளையம் போனதையும், 1710இல் திரும்பி வந்ததையும் சொன்னேன்.

பெருமாள் திரும்பினார். ஊரும் மெல்லத் திரும்பியது.

எழுபது ஆண்டு கழித்து அந்த ஊர் மறுபடியும் காலியாயிற்று. இந்த முறை திரும்பி வராதவர்கள் ஏராளம். அவர்கள் விட்டுப்போன வீடும் நிலமும் யாருக்குச் சேரும் என்பதை ஒரு கலெக்டர் தீர்மானிக்க வேண்டி வந்தது.

★

குளத்தில் இறங்கிய பீரங்கிகள்

1780 செப்டம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை.

காஞ்சிபுரத்தில் கிழக்கிந்தியக் கும்பினியின் படை கூடாரம் அடித்திருந்தது. தளபதி ஹெக்டர் மன்றோ. படைக்கான தானியத்தைக் கோயில் மதிலுக்குள் பத்திரப்படுத்தியிருந்தார்கள். கர்நாடகப் போர்கள் தொடங்கிய நாளிலிருந்தே காஞ்சியின் கோயில்கள் இப்படித்தான் கோட்டைகளாகப் பயன்பட்டு வந்தன. 1751இல் ராபர்ட் கிளைவ் பிடித்ததும் கோயில்தான். 1757இல் பிரெஞ்சுக்காரர்கள் கோயிலைப் பிடிக்க முடியாமல் ஊருக்குத் தீ வைத்துவிட்டுப் போனார்கள்.

அந்த ஞாயிறு காலை வடக்கே பீரங்கிச் சத்தம் கேட்டது. மன்றோவோடு சேர வந்துகொண்டிருந்த கர்னல் வில்லியம் பெய்லியின் படையை ஹைதர் அலியும் திப்புவும் புள்ளலூரில் மடக்கிவிட்டார்கள். காஞ்சியிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் அளவுதான் இருக்கும். மன்றோ புறப்பட்டார், நடந்தார், தயங்கினார். வழியில் எதிர்ப்பட்ட காயம்பட்ட சிப்பாய்கள் சொல்லித்தான் முடிவு தெரிந்தது. பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறியிருந்தன. படையில் பெரும்பகுதி மாண்டது. பெய்லி கைதியாகி ஸ்ரீரங்கப்பட்டணம் போனார். இரண்டு ஆண்டு கழித்து அங்கேயே இறந்தார்.

மன்றோ காஞ்சிக்குத் திரும்பினார். தூக்கிப்போக முடியாத பெரிய பீரங்கிகளைக் குளத்தில் தள்ளினார்கள். மறுநாள் படை செங்கல்பட்டை நோக்கிப் பின்வாங்கியது. சில நாளில் சென்னைப் பட்டணத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

இந்தப் போரைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் படையோடு பட்டணத்துக்குப் போய்விடுகிறார்கள். நாம் காஞ்சியிலேயே இருப்போம். ஊரைக் காக்க வந்த படை பீரங்கியைக் குளத்தில் போட்டுவிட்டுப் போவதைத் தெருவில் நின்று பார்த்த குடும்பங்கள் அன்றிரவு என்ன செய்திருக்கும்? கையில் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கும். வேறு வழி அவர்களுக்கு என்ன இருந்தது?

★

வெறும் சுவர்கள்

கும்பினி தெம்பு பெற்று எழக்கூடாது என்பது ஹைதரின் திட்டம். பட்டணத்தைச் சுற்றிப் பெரிய வட்டமாக அவரது குதிரைப்படை நாட்டை எரித்தது. தானியம் கிடைக்கக்கூடாது, மாடு கிடைக்கக்கூடாது, வண்டி கிடைக்கக்கூடாது. அந்த வட்டத்துக்குள் அகப்பட்டதுதான் கும்பினி ஜாகீர். ஆற்காட்டு நவாப் முகமது அலி 1763இல் கும்பினிக்குக் கொடுத்த செங்கல்பட்டுச் சீமை அது. காஞ்சிபுரம் அதில் அடங்கும்.

போரைத் தொடர்ந்து பஞ்சம். கிராமங்களிலிருந்து ஓடிவந்தவர்களால் பட்டணம் நிரம்பியது. 1782 அக்டோபரில் அடித்த புயலில் அரிசி ஏற்றி வந்த கப்பல்களும் மூழ்கின. பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற அந்த ஆண்டு தொடங்கியதுதான் மணியக்காரர் சத்திரம். ஸ்டான்லி மருத்துவமனையைப் பழைய வடசென்னைக்காரர்கள் இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்கிறார்களே, அந்தப் பெயரின் வேர் அங்கே இருக்கிறது. அந்தத் தொட்டியின் முன் வரிசையில் நின்றவர்களில் எத்தனை பேர் ஊரில் காணி உடையவர்கள், எத்தனை பேர் தறி உடையவர்கள் என்று யாரும் கணக்கு எடுக்கவில்லை.

1784இல் சமாதானம் வந்தது. ஜாகீரில் மிஞ்சியது என்ன என்பதை பிரிட்டிஷ் பாராளுமன்றக் குழு 1812இல் வெளியிட்ட ஐந்தாம் அறிக்கை சொல்கிறது: பல இடங்களில் அங்கே மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்பதற்கு அடையாளமாக மிஞ்சியவை எலும்புகளும், எரிந்துபோன வீடு, சத்திரம், கோயில் ஆகியவற்றின் வெறும் சுவர்களும்தான்.

ஆள் விட்டுப்போன நெசவாளர் வீடு எப்படி அழிகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

முதலில் போவது கூரை. ஓலைக் கூரையைக் காலம் தவறாமல் மாற்றி வேய வேண்டும். மாற்றாத கூரை ஓர் ஐப்பசி தாங்கும், அடுத்த ஐப்பசியில் ஒழுகும். ஒழுகும் தண்ணீர் நேரே தறிக்குழிக்குள் இறங்கும். நெசவாளர் காலை இறக்கி மிதிபலகை மிதிக்கும் அந்தப் பள்ளம் தண்ணீர்த் தொட்டியாகிவிடும். தரை ஊறும். மண்சுவரின் அடி கரையும். இதற்குள் வாசக்காலும் கதவும் உத்திரமும் காணாமல் போயிருக்கும், மரத்துக்கு என்றைக்கும் கிராக்கி உண்டு. தெருப்பக்கச் சுவர் சரிந்தபின் திண்ணையில் எருக்கு முளைக்கும். பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் என்றால் அந்த வீட்டுக்கும் ஓதம் ஏறும்.

நெசவுத் தெருவில் இன்னொரு கேடும் உண்டு. பாவு நூலைத் தெருவில் விரித்துத்தான் கஞ்சி போட வேண்டும். விரித்துப் பிடிக்கவும் இழை பிரிக்கவும் காயும்வரை பார்த்துக்கொள்ளவும் அக்கம்பக்கத்துக் கைகள் வேண்டும். பத்து வீட்டில் நாலு வீடு காலியானால் மீதி ஆறு வீட்டுக்காரர்களும் தொழில் செய்யத் திணறுவார்கள். ஆறு பேரில் இருவர் அடுத்த ஆண்டு கிளம்பிவிடுவார்கள். பாழ் பரவுவது இப்படித்தான். விஜயநகர அரசு இதை நன்றாக அறிந்திருந்தது. குடிபெயர்ந்த நெசவாளரைத் திரும்பக் குடியேற்ற வரியைக் குறைத்துக் கொடுத்த கல்வெட்டுகள் தமிழ்நாட்டில் பல.

கும்பினி முதல் பத்தாண்டில் அப்படி எதுவும் உருப்படியாகச் செய்யவில்லை. குத்தகைக்கு விட்டது, வசூல் குறைந்தது என்று வருந்தியது, மறுபடி குத்தகைக்கு விட்டது.

★

ஏரி காத்த ராமரும் கலெக்டரும்

1794இன் கடைசியில் ஜாகீருக்கு ஒரு புதிய கலெக்டர் வந்தார். பெயர் லயனல் பிளேஸ்.

இந்தப் பெயரை நீங்கள் கேட்டிருப்பீர்கள். மதுராந்தகம் ஏரி உடையும் தறுவாயில் இருந்த மழைநாளில், கரை நின்றால் தாயார் சந்நிதியைக் கட்டித் தருகிறேன் என்று வேண்டிக்கொண்ட துரை இவர்தான். இரவு கரைக்குப் போனபோது வில்லோடு இரண்டு பேர் காவல் நிற்பதைக் கண்டதாகக் கதை. ஏரி காத்த ராமர் கோயிலில் ஜனகவல்லித் தாயார் சந்நிதிக் கல்வெட்டில் அவர் பெயர் இருக்கிறது.

கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். அதில் ஒளிந்திருக்கும் செய்தியை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்: அடைமழையில் ஏரிக்கரையில் நின்ற கலெக்டர் அவர். ஜாகீரைத் திரும்பக் குடியேற்றும் வேலையை பிளேஸ் தொடங்கியது ஏரியிலிருந்துதான். உடைந்த மதகு, தூர்ந்த கால்வாய், கரைந்த கரை. இவற்றைச் சரிசெய்யாமல் எந்தக் குடியும் திரும்பாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அவர் அடுத்து கை வைத்தது கோயிலில். காஞ்சிபுரத்துக் கோயில்களின் நிர்வாகத்தைத் தன் மேற்பார்வைக்குள் கொண்டுவந்தார். நின்றுபோன உற்சவங்களை நடத்த வைத்தார். வரதராஜருக்கு நகை செய்து கொடுத்தார். கிறிஸ்தவ அரசாங்கத்தின் அதிகாரிக்கு இது அடுக்குமா என்று பின்னாளில் பாதிரிமார்கள் இவரைக் கடுமையாகச் சாடினார்கள். என் பார்வையில் பிளேஸ் செய்தது தெளிந்த ஊர் நிர்வாகம். கருடசேவை நடந்தால் பூ வேண்டும், எண்ணெய் வேண்டும், துணி வேண்டும், சமையலுக்கு ஆள் வேண்டும். சத்திரம் திறக்கும், வீதி நிறையும். காலியான மாடவீதி வீடுகளுக்குத் திரும்பி வரக் குடும்பங்களுக்கு அது ஒரு காரணம். காஞ்சிபுரத்துக்கு நகரசபை வந்தது 1866இல். அதற்கு எழுபது ஆண்டு முன்னால் நகரசபை, தாசில்தார், பொதுப்பணித் துறை, அறநிலையத் துறை எல்லாம் அந்த ஒரு கலெக்டர் கச்சேரிதான்.

ஏரியும் கோயிலும் அவருக்குக் கைகொடுத்தன. மூன்றாவது வேலைதான் சிக்கல்.

★

பங்கு

அந்தச் சிக்கல் புரிய வேண்டுமானால் தொண்டைமண்டலத்துக் காணியாட்சியைச் சற்றுத் தெரிந்துகொள்ள வேண்டும். துரைமார் அதை மிராசு என்று அழைத்தார்கள்.

ஒரு கிராமம் பல பங்குகளாகப் பிரிந்திருக்கும். பங்கு என்பது நாலு வரப்புக்குள் அடங்கும் வயல் மட்டும் அல்ல. நன்செய், புன்செய், தரிசு, நத்தத்தில் மனை, புழக்கடை, அறுவடையில் பாத்தியதை என்று அத்தனையும் அதில் சேர்த்தி. அதை விற்கலாம், அடகு வைக்கலாம், பிள்ளைகள் பிரித்துக்கொள்ளலாம். அறுதிக்கரை ஊர்களில் இன்னாருக்கு இன்ன நிலம் என்று நிரந்தரமாகப் பிரித்திருப்பார்கள். சமுதாய ஊர்களில் நிலத்தைக் கால இடைவெளியில் மாற்றி மாற்றிப் பங்கு போட்டுக்கொள்வார்கள், கரையீடு என்பது அதுதான். அப்படிப்பட்ட ஊரில் ஒரு பங்காளி பத்து ஆண்டு காணாமல் போனால் அவருடைய நிலம் எது என்று சுட்டிக்காட்டவே முடியாது. அவருக்கு ஒரு பங்கு உண்டு என்பது ஊர் நினைவில் மட்டும் இருக்கும்.

மிராசுதாருக்குக் கீழே பாயக்காரிகள். ஊரிலேயே பரம்பரையாய்க் குடியிருந்து உழுபவர் உள்குடி. வெளியூரிலிருந்து வந்து ஒப்பந்தத்தில் உழுபவர் புறக்குடி. உழைப்பு இவர்களுடையது, பங்கு மிராசுதாருடையது.

ஜாகீர் முழுவதும் பிளேஸ் கணக்கெடுத்தார். போருக்கு முன் இருந்த மிராசுப் பங்குகள் ஏறக்குறைய 17,800. அவற்றில் 16,000 அளவுக்கு உரியவர்கள் இருந்தார்கள். மீதி 1,800 பங்குகளுக்கு மேல் கேட்டு வர ஆளே இல்லை.

பத்துக்கு ஒன்று. அந்தப் பங்குகளுக்கு உடையவர்கள் புள்ளலூர்ப் போர் முடிந்த வாரத்தில் ஓடியவர்களாக இருக்கலாம், பஞ்சத்தில் இறந்தவர்களாக இருக்கலாம், தஞ்சாவூர்ப் பக்கம் பிழைக்கப் போனவர்களாக இருக்கலாம். நிலம் தரிசாகக் கிடக்கிறது. மனையில் எருக்கு முளைத்திருக்கிறது. கும்பினிக்கு வரி இல்லை. உழ ஆள் இருக்கிறது, உழவனுக்குப் பங்கு இல்லை.

கலெக்டர் முன்னால் இருந்த வழிகள் மூன்று. உடையவர் வரும்வரை காத்திருக்கலாம். இருக்கிற பங்காளிகளே அந்தப் பங்கையும் அனுபவிக்கட்டும் என்று விட்டுவிடலாம். அல்லது அந்தப் பங்கை எடுத்து வேறொருவருக்குக் கொடுக்கலாம்.

★

தீர்மானம்

பிளேஸ் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார்.

அவர் வாதம் இது: மிராசு பரம்பரை உரிமைதான், மறுக்கவில்லை. ஆனால் அது நிலத்தை உழுது, சர்க்காருக்குச் சேர வேண்டியதைச் செலுத்தும்வரைதான். உழாமல் போட்டுவிட்டுப் போனவரின் உரிமை அத்தோடு தீர்ந்தது. கேட்பாரற்ற பங்கு சர்க்காரின் கையில் இருக்கிறது. சர்க்கார் அதைப் புதியவருக்குக் கொடுக்கலாம்.

அப்படியே கொடுத்தார். பாயக்காரிகள் சிலர் முதன்முறையாக மிராசுதார் ஆனார்கள். பல தலைமுறையாக உழுதுவந்த குடிக்கு அது எப்படிப்பட்ட நாள் என்று எண்ணிப் பாருங்கள்.

பிளேஸ் அங்கே நிறுத்தியிருந்தால் வரலாறு அவரை இன்னும் கொஞ்சம் வாழ்த்தியிருக்கும். அவர் நிறுத்தவில்லை. பூந்தமல்லிப் பக்கத்து மிராசுதார்கள் அவர் கேட்ட தீர்வைக்கு உடன்பட மறுத்தபோது, அவர்களை விலக்கிவிட்டு அதே விதியை அவர்கள்மேலும் பாய்ச்சினார். அவர்கள் ஓடிப்போனவர்கள் இல்லை, ஊரில் இருந்துகொண்டு மறுத்தவர்கள். துரைமாருக்கு மொழிபெயர்ப்பும் தரகும் செய்த பட்டணத்துத் துபாஷிகள்தான் அவர்களைத் தூண்டிவிடுகிறார்கள் என்று பிளேஸ் நம்பினார். ஜாகீர் கிராமங்களில் பங்கு வாங்கிவைத்துக்கொண்டு பட்டணத்தில் குடியிருந்த துபாஷிகள் பலர் இருந்தது உண்மை. ஆனாலும் பாழை ஒழிக்க எடுத்த ஆயுதம் பேரம் பேசுகிறவனை அடக்கும் ஆயுதமாக மாறிவிட்டது என்பதே என் தீர்ப்பு.

இன்னொரு குறையும் சொல்ல வேண்டும். உயிருக்கு அஞ்சி ஓடி, வழியில் பிள்ளையைப் பறிகொடுத்து, கஞ்சித் தொட்டியில் கையேந்தி நின்றவரும், பட்டணத்தில் மாடிவீடு கட்டிக்கொண்டு ஊர்ப் பங்கைக் கணக்கப்பிள்ளை மூலம் அனுபவித்த துபாஷியும் அவர் விதியின் முன் ஒன்றுதான். இருவருமே ஊரில் இல்லாதவர்கள். ஏன் இல்லை என்று அந்த விதி கேட்கவில்லை. ராஜராஜனின் ஆணையும் காரணம் கேட்கவில்லைதான். ஆனால் அதில் இரண்டு ஆண்டு என்று ஒரு கெடு இருந்தது, விற்கும் அதிகாரம் ஊர்ச் சபையிடம் இருந்தது. ஊராருக்கு ஓடிப்போனவனைத் தெரியும், அவன் அண்ணன் தம்பியைத் தெரியும், ஏன் போனான் என்றும் தெரியும். பிளேஸின் கச்சேரிக்கு அவன் ஓர் எண் மட்டும்.

★

இரண்டு ஆண்டா, பன்னிரண்டு ஆண்டா?

கொஞ்சம் இன்றைக்கு வந்துவிட்டுப் போவோம்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கார் தொழிற்சாலைகள் மூடிய பிறகு ஃபிளின்ட், டெட்ராய்ட் நகரங்களில் வீடுகள் ஆயிரக்கணக்கில் காலியாகின. வரி கட்டாத வீட்டை அரசு கையகப்படுத்த ஆறேழு ஆண்டு பிடித்தது. அதற்குள் வீடு எரிந்தோ இடிந்தோ போய்விடும். 1999இல் அங்கே சட்டத்தைத் திருத்தி அந்தக் காலத்தை இரண்டு மூன்று ஆண்டாகச் சுருக்கினார்கள். கிட்டத்தட்ட ராஜராஜன் வைத்த கெடு! அப்படி வந்த வீடுகளை நிர்வகிக்க ஃபிளின்ட் இருக்கும் ஜெனசி மாவட்டத்தில் நில வங்கி ஒன்றை அமைத்தார்கள். இடிக்க வேண்டியதை இடித்தார்கள், பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொல்லையாகக் கொடுக்க முடிந்ததைக் கொடுத்தார்கள், மீதியைப் பழுதுபார்த்து விற்றார்கள். ஜப்பானில் காலி வீடுகள் 2023 கணக்குப்படி 90 லட்சம். அங்கே 2015இல் நடைமுறைக்கு வந்த சட்டம், பாழாக விட்ட வீட்டுக்கு அதுவரை இருந்த நிலவரிச் சலுகையைப் பறிக்க வழி செய்தது.

இங்கே? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்திய நகரங்களில் காலியாக இருந்த வீடுகள் 1.1 கோடி. காஞ்சிபுரம் 2021இல் மாநகராட்சி ஆயிற்று. தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் 2023 ஏப்ரல் 13 முதல் நடைமுறையில் இருக்கிறது. விழும் நிலையில் உள்ள கட்டடத்துக்கு நோட்டீஸ் கொடுக்கவும், இடிக்கவும், சொத்துவரி பாக்கிக்கு நடவடிக்கை எடுக்கவும் உள்ளாட்சிக்கு அதிகாரம் உண்டு. நோட்டீஸை யார் பெயருக்குக் கொடுப்பது என்பதில்தான் எல்லாம் நிற்கிறது. வரிப் புத்தகத்தில் தாத்தா பெயர், வாரிசுகள் ஏழு பேர் ஏழு ஊரில், பாகப்பிரிவினை ஆகவில்லை, பட்டா மாறவில்லை. கோயில் அடிமனை என்றால் தரை தெய்வத்துக்கு, மேலே நிற்கும் சுவர் குடும்பத்துக்கு. தனியார் நிலத்தில் பன்னிரண்டு ஆண்டு எதிர் அனுபவம் காட்டினால் உரிமை கோரலாம். கோயில் நிலத்தில் அந்தக் காலவரம்பே ஓடாது என்று அறநிலையச் சட்டம் சொல்கிறது. ஆக, ஒரே தெருவில் அடுத்தடுத்துப் பூட்டிக் கிடக்கும் இரண்டு வீடுகளுக்கு இரண்டு சட்டம்.

வராதவரின் உரிமை எத்தனை ஆண்டு காத்திருக்கலாம் என்ற கேள்விக்கு பிளேஸ் சொன்ன பதில் முரட்டுத்தனமானது. ஆனாலும் அவர் ஒரு பதில் சொன்னார். அதற்காக அவரை நான் மதிக்கிறேன்.

★

கணக்கில் வராதவர்கள்

இவ்வளவு நேரம் பேசிய 17,800 பங்குகளில் ஒரு பங்குகூட இல்லாத குடிகள் ஒவ்வொரு ஊரிலும் இருந்தன. சேரிகளில் இருந்த பறையர் குடும்பங்கள் அவை. ஹைதரின் குதிரைகள் அவர்கள் குடிசைகளையும்தான் எரித்தன. பஞ்சம் அவர்களையும்தான் தின்றது. திரும்பி வந்தால் ஏர் பிடிக்கப் போவதும் அவர்கள்தான். ஆனால் அவர்களுடைய குடிசை நின்ற மனையும் மிராசுதாரின் பங்கில் சேர்த்தி என்று மிராசுதார்கள் உரிமை கொண்டாடினார்கள். ஆகவே அவர்கள் விட்டுப்போன வீடு யாருடைய கணக்கிலும் காலி வீடாகப் பதியவில்லை.

பிளேஸ் பங்கை ஒருவர் கையிலிருந்து எடுத்து இன்னொருவர் கையில் கொடுத்தார். பங்கு என்ற ஏற்பாட்டைத் தொடவில்லை. அதன் விளைவை நூறு ஆண்டு கழித்து இதே செங்கல்பட்டு ஜில்லாவின் கலெக்டர் திரமென்ஹீர் எழுதினார். கூலி கேட்டு எதிர்த்துப் பேசினால் குடியிருக்கும் மனையை விட்டே துரத்திவிட முடியும் என்ற நிலை அன்றும் இருந்தது. அவருடைய அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் அறிந்தது அதில் பிறந்தது. அது இந்தத் தொடரில் தனி அத்தியாயம்.

★

திரும்பி வந்தவர்

1798இல் பிளேஸ் ஜாகீரை விட்டுப் போனார். 1799இல் நீண்ட அறிக்கை ஒன்றை வருவாய் வாரியத்துக்குக் கொடுத்தார். அதே 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. கோட்டைத் தாக்குதலை நடத்திச் சென்ற டேவிட் பேர்ட், பத்தொன்பது ஆண்டு முன்னால் புள்ளலூரில் பிடிபட்ட கைதிகளில் ஒருவர். மைசூர்க் குதிரைப்படை இனி வராது என்ற செய்தி தெற்கே தஞ்சாவூர் வரைக்கும் பரவியது.

பயம் தீர்ந்தது. ஊர் நினைவு வந்தது. அப்பாவோ தாத்தாவோ விட்டுவந்த காணியைத் தேடி வர இப்போது தடையில்லை.

அதற்குள் 1802இல் கும்பினி ஜாகீரைத் துண்டு துண்டாகப் பிரித்து ஜமீன்களாக ஏலம் விட்டது. அதே ஆண்டில் கொண்டுவந்த ஒழுங்குமுறைச் சட்டம், பன்னிரண்டு ஆண்டுக்கு மேற்பட்ட வழக்குகளை நீதிமன்றம் ஏற்காது என்றது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1780இல் ஓடியவருக்கு 1792லேயே கெடு முடிந்துவிட்டது. ஓடியவரோ, காணியாட்சிக்குக் கெடுவே கிடையாது, எத்தனை தலைமுறை கழித்து வந்தாலும் பங்கு பங்குதான் என்று ஊர் வழக்கத்தைச் சொல்லிக்கொண்டு வருவார்.

புது மிராசுதார் அந்த மனையில் பழைய சுவரை இடித்துவிட்டுப் புதுச்சுவர் எழுப்பியிருக்கிறார். கிணறு வெட்டியிருக்கிறார். கலெக்டர் கொடுத்த காகிதம் அவர் கையில் இருக்கிறது. வந்தவர் கையில் பாட்டன் காலத்து ஓலை.

இந்த வழக்கைத் தீர்க்க ஊர்களின் பழைய ஓலைகளையும் செப்பேடுகளையும் கல்வெட்டுகளையும் ஒருவர் தேடிப் படிக்க ஆரம்பித்தார். திருவள்ளுவர் உருவம் பொறித்த நாணயம் அச்சிட்டவர் என்று நீங்கள் அறிந்த எல்லீஸ் துரைதான் அவர். 1818இல் அவர் வெளியிட்ட பதில் பிளேஸின் வாதத்தை அடியோடு மறுத்தது.

அப்படியானால் அந்தப் பங்கு யாருக்கு? ஓலையோடு வந்தவருக்கா, இருபது ஆண்டு உழுது கிணறு வெட்டியவருக்கா?

உங்கள் வீட்டுப் பழைய பத்திரங்களில் மிராசு, பங்கு, காணியாட்சி, கரையீடு என்ற சொற்கள் இருந்தால், அடுத்த வாரத்துக்குள் ஒருமுறை எடுத்துப் படித்துப் பாருங்கள். எல்லீஸ் பதில் சொன்ன கேள்விகள் அவற்றைப் பற்றியவைதான்.

(தொடரும்)